மின்சாரம் போன நேரத்தில் என் பங்கு போய்விட்டது: இணைய விளையாட்டில் லூட் திருட்டு

சாட்ஸ்வொர்த்_வில்லாளி

அனைவருக்கும் வணக்கம். இதை எழுதலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். மனம் ஆறவில்லை. அதனால் எழுதுகிறேன்.

விளையாட்டின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அந்த விளையாட்டின் நல்லது கெட்டதுக்குத் திரும்பிவிடும். நான் இருப்பது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், விளையாட்டு ஐரோப்பாவில் சர்வர் உள்ள ஒரு பெரிய விளையாட்டு. இருபத்தைந்து பேர் கொண்ட கில்ட், அதாவது சேர்ந்தே ஆடும் குழு. அதில் ஏழு மாதமாக நான் வில்லாளி. சனிக்கிழமை தோறும் இரவு ரெய்டு, அதாவது எல்லோரும் சேர்ந்து அரக்கர்களை வீழ்த்தும் படையெடுப்பு. கடைசி அரக்கன் விழும்போது மிக அபூர்வமாக ஒரு வில் கிடைக்கும். இப்படிக் கிடைக்கும் பொருளைத்தான் லூட் என்கிறோம். பதினோரு வாரம் அவனை வீழ்த்தியும் அது கிடைக்கவில்லை. ஒரு வாரம் கூட நான் வராமல் இருந்ததில்லை. என் தங்கையின் நிச்சயதார்த்தத்தன்று விருந்தினர் கிளம்பிய கையோடு வந்து உட்கார்ந்தேன். எல்லோருக்கும் வேண்டிய மருந்துக் குப்பிகளை வாரத்தின் மற்ற நாட்களில் தயாரித்து வைத்தவனும் நான்தான்.

பன்னிரண்டாவது சனிக்கிழமை, இரவு பத்தே முக்காலுக்கு அரக்கன் விழுந்தான். வில் திரையில் வந்தது. அதன் பெயரைப் படித்து முடிப்பதற்குள் எங்கள் தெரு முழுவதும் இருட்டாகிவிட்டது. மின்மாற்றி வெடித்த சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

மடிக்கணினியைத் தேடி எடுத்து, கைபேசி இணைப்பில் உள்ளே வர பதினான்கு நிமிடம் ஆனது. அதற்குள் வில் வேறொருவன் கையில். மூன்று வாரம் முன்பு சேர்ந்தவன், கில்ட் தலைவரின் நண்பன். அவன் பாத்திரம் வாள் வீரன். வில்லை எடுத்து எய்யவே முடியாது. விற்கத்தான் முடியும்.

"பட்டியலில் நீ பாஸ் சொன்னதாக இருக்கிறது" என்றார் தலைவர். பாஸ் என்றால் பொருள் எனக்கு வேண்டாம் என்பது. வேண்டும் என்றவர்களுக்குள் விளையாட்டே பகடை உருட்டிக் கொடுக்கும். இணைப்பு அறுந்தவன் நேரம் முடிந்ததும் தானாகவே பாஸ் சொன்னவனாகிவிடுவான். அது தலைவருக்கும் தெரியும். தவறான கைக்குப் போன பொருளை இரண்டு மணி நேரத்துக்குள் மாற்றிக் கொடுக்கலாம் என்று விளையாட்டே வழி வைத்திருக்கிறது. அந்த இரண்டு மணி நேரமும் கெஞ்சிக்கொண்டிருந்தேன். நிறுவனத்துக்கும் எழுதினேன். ஆட்டக்காரர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்வதில் தலையிடுவதில்லை என்று பதில் வந்தது.

இதைத் திருட்டு என்று சொல்லலாமா, கூடாதா? அதுதான் என் கேள்வி.

பீனிக்ஸ்_அக்கா

தம்பி, படித்ததும் வயிறு எரிந்தது. எங்கள் பகுதியிலும் அதே இரவு மூன்று மணி நேரம் விளக்கு இல்லை. உங்கள் கேள்விக்கு என் பதில்: ஆம், திருட்டுதான். வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து எடுப்பதற்கு வேறு என்ன பெயர்?

உம்கேனி_கரை

வருத்தம் புரிகிறது. ஆனாலும் நான் மாறுபடுகிறேன். விதி என்ன சொல்கிறதோ அதன்படி வில் போயிருக்கிறது. விதி பொல்லாதது என்றால் விதியைக் குறை சொல்லுங்கள், மனிதனைத் திருடன் என்று சொல்லாதீர்கள். அந்த வில் நாளை சர்வர் மூடினால் இல்லாமல் போகும். கேபிள் திருட்டால் வாரக்கணக்கில் இருட்டில் கிடக்கும் தெருக்கள் இந்த நாட்டில் இருக்கின்றன. திருட்டு என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்வோம்.

சாட்ஸ்வொர்த்_வில்லாளி

அண்ணா, வில் நாளை இல்லாமல் போகலாம். பன்னிரண்டு சனிக்கிழமை ஏற்கெனவே போய்விட்டதே. அதை யார் கணக்கில் எழுதுவது?

மெரிபேங்க்_கரைவலை

எனக்கு அறுபத்திரண்டு வயது. பேரன்களோடு ஆடுவதற்காகத்தான் இந்த விளையாட்டுகளைக் கற்றுக்கொண்டேன். தம்பியின் கதையைப் படித்ததும் எனக்கு என் தாத்தாதான் நினைவுக்கு வந்தார். டர்பன் கடற்கரையில் கரைவலை இழுத்தவர் அவர். 1860இல் 'ட்ரூரோ' கப்பலில் தொடங்கி இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட ஒப்பந்த வேலைக்கு வந்த மக்களில், ஒப்பந்தம் முடிந்ததும் கடலைப் பிழைப்பாக்கிக்கொண்ட குடும்பங்கள் இருந்தன. அவற்றில் ஒன்று எங்களுடையது.

ஜூன், ஜூலையில் சாளை மீன் கூட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஏறி வரும். அமன்சிம்டோட்டியோ ஸ்காட்பர்கோ, எந்தக் கரையை ஒட்டி மீன் வருகிறது என்று சொல்லி ஆள் ஓடுவான். படகில் போய் வலையை வளைத்துப் போட்டுவிட்டுக் கரையிலிருந்து இரண்டு கயிற்றையும் இழுப்பார்கள். குளிர்காலத் தண்ணீர் இடுப்பு வரை. வலை கரை தொடும் கணம்தான் ஆபத்தான கணம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்த கூட்டம் வாளியும் பையும், சட்டையும் கூட, ஏந்திக்கொண்டு தண்ணீருக்குள் பாயும். இழுத்தவன் கை கயிற்றில் மாட்டியிருக்கும். அவனால் கயிற்றை விடவும் முடியாது, மீனைக் காக்கவும் முடியாது. "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து" என்பதை நான் ஏட்டில் படிக்கவில்லை, அந்தக் கரையில் பார்த்தேன்.

ஆனால் கூட்டம் எடுப்பதைத் தாத்தா பெரிதாகப் பொருட்படுத்தமாட்டார். ஏழைகள், ஒரு வேளைக் குழம்புக்கு எடுக்கிறார்கள் என்பார். அவர் ஒருவரை மட்டும் கடைசி வரை மன்னிக்கவில்லை. ஒரு முறை கயிறு இழுக்கும்போது என் பெரியப்பாவுக்குக் காலில் அடிபட்டு அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பங்கு வைக்கும் நேரத்தில் கூடவே இழுத்த ஒருவர், "அவன்தான் இங்கே இல்லையே" என்று சொல்லி அந்தப் பங்கைத் தன் பெட்டியில் கொட்டிக்கொண்டார். தாத்தா அதன் பிறகு அவரைக் கயிற்றில் கை வைக்க விடவில்லை. வலை போடும்போது இருந்தவனுக்குப் பங்கு உண்டு, பங்கு வைக்கும்போது இருக்கிறானா என்பது கேள்வியே இல்லை. இதுதான் அவர் வைத்திருந்த கணக்கு.

தம்பி, உங்கள் கேள்விக்கு நான் இதைத்தான் பதிலாகச் சொல்வேன். நீங்கள் வலை போடும்போது இருந்தீர்கள்.

ஜோபர்க்_கம்பிவடம்

ஐயா எழுதியதைப் படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் தட்டச்சு செய்யவில்லை. நான் இணைய வலைப்பின்னல் துறையில் வேலை செய்பவன். என் பக்கத்திலிருந்து ஒரு கணக்கைச் சொல்கிறேன். தொலைவில் இருப்பவன் எவ்வளவு எளிதாகப் பங்கை இழக்கிறான் என்பது அதில் தெரியும்.

நம் நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் கடலடி வடங்களில் ஒன்றான வாக்ஸ் 2012இல் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 14,530 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். ஆக, ஒரு வழிக்கு 73 மில்லி நொடி. போய்த் திரும்ப ஏறக்குறைய 145. டர்பனிலிருந்து கேப் கடற்கரை வரை தரைவழித் தூரமும் இடையில் உள்ள கருவிகளின் தாமதமும் சேர்ந்தால் 170, 180 என்று ஆகிவிடும். சர்வர் இருக்கும் ஊரிலேயே உட்கார்ந்து ஆடுபவனுக்கு இது பத்து இருபதுதான். நீங்கள் எவ்வளவு விலை கொடுத்துக் கணினி வாங்கினாலும் இந்த இடைவெளியைக் குறைக்க முடியாது. ஒளிக்கே அவ்வளவு நேரம் வேண்டும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். அரக்கன் விழுந்ததும் பொருள் தரையில் கிடக்கும், முதலில் தொட்டவனுக்குச் சொந்தம் என்று ஒரு விதி. அதைச் சமமான பந்தயம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒரே நொடியில் இருவரும் விரலை அழுத்தினால் ஃபிராங்க்ஃபர்ட்காரனின் விரல் முதலில் போய்ச் சேரும், டர்பன்காரனுடையது பிறகுதான் சேரும். பத்துத் தடவை ஓடினாலும் பத்துத் தடவையும் அப்படித்தான். இங்கே கைவேகம் எங்கே வந்தது? வடத்தின் நீளம்தான் தீர்ப்புச் சொல்கிறது.

பகடை உருட்டும் முறை நமக்கு நல்லது. பகடைக்குத் தூரம் தெரியாது. ஆனால் அதற்கும் இணைப்பு உயிரோடு இருக்க வேண்டும். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்டுக்கு அருகே வாக்ஸ் உட்பட நான்கு வடங்கள் ஒரே நாளில் பழுதான செய்தி பலருக்கு நினைவிருக்கும். நம் பக்கத்துச் சிக்கல் இப்படித்தான் வரும், மின்வெட்டாகவோ வட அறுப்பாகவோ. இணைப்பு அறுந்ததை "எனக்கு வேண்டாம்" என்று எடுத்துக்கொள்ளும் விதியை வகுத்தவர், மின்சாரம் போகாத ஊரில் உட்கார்ந்து வகுத்திருக்கிறார்.

உம்கேனி அண்ணாவுக்கு ஒரு வார்த்தை. விதி மட்டும் குற்றவாளி என்றால், இரண்டு மணி நேரம் திருத்திக்கொள்ள வாய்ப்பிருந்தும் திருத்தாதது யார்?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_பழையவர்

இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆடுகிறேன். இந்தச் சண்டை இணைய விளையாட்டுகள் பிறந்த நாளிலிருந்து இருக்கிறது. இளையவர்களுக்காக அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

1999இல் வந்த எவர்குவெஸ்டில் ஐம்பது அறுபது பேர் சேர்ந்து ஒரு டிராகனை வீழ்த்துவார்கள். கிடைப்பதோ ஒன்றிரண்டு பொருள். யாருக்கு என்பதில் கில்டுகள் உடைந்தன. அப்போதுதான் ஆட்டக்காரர்களே ஒரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். வந்து உழைத்த ஒவ்வொரு ரெய்டுக்கும் புள்ளி, பொருள் வேண்டுமானால் சேர்த்த புள்ளியிலிருந்து கழித்துக்கொள். டிராகன் கில் பாயின்ட்ஸ், சுருக்கமாக டிகேபி என்பார்கள். எந்த நிறுவனமும் கொடுத்ததல்ல அது, ஏமாந்தவர்கள் உருவாக்கியது. அதனால் அதன் மேல் எனக்கு இன்றும் மரியாதை.

2000இல் வந்த டியாப்லோ 2இல் எல்லாம் தரையில் சிதறும், முந்தியவனுக்கு. கம்பிவடம் தம்பி சொன்ன அநியாயம் அங்கே அன்றாட நடப்பு. 2004இல் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் வந்தபோது தேவை, ஆசை, வேண்டாம் என்று மூன்று பொத்தான்கள் வந்தன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆசைக்காரன் தேவைப் பொத்தானை அழுத்தினால் தடுக்க ஆளில்லை. பொருள் முழுவதையும் தலைவர் கையில் கொடுத்துப் பங்கு வைக்கச் சொல்லும் முறையும் இருந்தது. தலைவர் நல்லவராக இருக்கும் வரை அதைப் போல ஒன்று இல்லை. தலைவரே பையைக் கட்டிக்கொண்டு ஓடிய கதைகளும் ஏராளம். இப்படி ஓடுபவனை உலகம் முழுவதும் ஆட்டக்காரர்கள் 'நிஞ்ஜா' என்கிறார்கள்.

பிறகு நிறுவனங்கள் சலித்துப்போய் மனிதன் கையிலிருந்து பங்கைப் பிடுங்கிவிட்டன. டியாப்லோ 3 (2012) ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பொருளைக் காட்டியது. உன்னுடையது என் கண்ணுக்கே தெரியாது. வார்கிராஃப்ட் 2018இல் தலைவர் பங்கு வைக்கும் முறையை நீக்கியது. திருட்டு நின்றது. ஆனால் இன்னொன்றும் நின்றுபோனது. எனக்கு வந்தது எனக்கு வேண்டாம், பக்கத்தில் இருக்கும் தோழனுக்கு உயிராக வேண்டும், கொடுக்கலாம் என்றால் பல நேரம் விளையாட்டு கொடுக்க விடாது. 2022இன் கடைசியில் அதே விளையாட்டு ரெய்டுகளில் கூட்டுப் பகடையைத் திரும்பக் கொண்டுவந்தது. இயந்திரம் பங்கு வைத்தால் களவு இல்லை, அதே நேரம் கொடுப்பதும் இல்லை. என்னைக் கேட்டால் கொடுப்பதற்காகவே நான் கில்டில் இருக்கிறேன்.

பாத் ஆஃப் எக்ஸைல் போல, குழு தொடங்கும்போதே எந்த முறை என்று தேர்ந்தெடுக்க விடும் விளையாட்டுகளும் உண்டு. அது எனக்குப் பிடிக்கும்.

உம்கேனி_கரை

மெரிபேங்க் ஐயா எழுதியது என்னை யோசிக்க வைத்தது. முன்பு சொன்னதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இன்னொரு பகுதியில் நிற்கிறேன்.

நான் ஆடுவது ஈவ் ஆன்லைன். 2003இலிருந்து இருக்கும் விண்வெளி விளையாட்டு. அங்கே திருடலாம். நீங்கள் உடைத்த கப்பலின் சிதைவிலிருந்து இன்னொருவன் பொருளை எடுத்தால் அவன் மேல் சந்தேகக் குறி விழும், யார் வேண்டுமானாலும் அவனைச் சுடலாம். அவ்வளவுதான் தண்டனை. 2005இல் ஒரு கூலிப்படை, ஆட்டக்காரர்கள் விளையாட்டுக்குள் நடத்திய இன்னொரு நிறுவனத்துக்குள் மாதக்கணக்கில் நண்பர்களாக நடித்து நுழைந்து, ஒரே நாளில் கிடங்குகளைத் துடைத்து எடுத்துத் தலைவியின் கப்பலையும் அழித்தது. பத்திரிகைகள் அதை வியந்து எழுதின. விளையாட்டை நடத்தும் நிறுவனம் யாரையும் தண்டிக்கவில்லை. அந்த உலகத்துக்குள் நுழையும்போதே நாங்கள் அதற்குச் சம்மதித்துத்தான் நுழைகிறோம். ஆகவே எல்லாவற்றையும் ஒரே துலாக்கோலில் நிறுக்காதீர்கள்.

ஜோபர்க்_கம்பிவடம்

சம்மதம் என்ற சொல்லைச் சரியாகப் பிடித்தீர்கள் அண்ணா. நெதர்லாந்து உச்ச நீதிமன்றமும் 2012 ஜனவரி 31 அன்று கொடுத்த தீர்ப்பில் ஏறக்குறைய அந்த இடத்துக்குத்தான் வந்தது. 2007இல் இரண்டு சிறுவர்கள் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனை அடித்து மிரட்டி, ரூன்ஸ்கேப் விளையாட்டில் அவன் வைத்திருந்த ஒரு தாயத்தையும் முகமூடியையும் தங்கள் கணக்குக்கு மாற்ற வைத்தார்கள். கைக்கு அகப்படாத பொருளைத் திருட முடியுமா என்று வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. முடியும் என்றது நீதிமன்றம். அந்தப் பையன் நேரமும் உழைப்பும் செலவிட்டுச் சேர்த்தவை, அவன் ஆளுகையில் இருந்தவை, அவனுக்கு மதிப்புள்ளவை. விளையாட்டின் விதிக்குள் நடக்கும் பறிப்பு வேறு, விதிக்கு வெளியே நடப்பது வேறு என்பதையும் அது கவனித்தது.

வில்லாளியின் வில் நீதிமன்றத்துக்குப் போகாது. ஆனால் அவர் எதற்குச் சம்மதித்தார்? பகடையில் தோற்பதற்குச் சம்மதித்தார். இருட்டில் தன் பெயரில் யாரோ "வேண்டாம்" சொல்வதற்கு அவர் சம்மதிக்கவில்லை.

மெரிபேங்க்_கரைவலை

இதைச் சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்காக ஒன்று. ஷாங்ஹாயில் ஒருவர் தன் விளையாட்டு வாளை நண்பனிடம் இரவல் கொடுத்தார். நண்பன் அதை 7,200 யுவானுக்கு விற்றுவிட்டான். காவல் நிலையம் போனால் இப்படிப்பட்ட பொருளுக்குச் சட்டம் இல்லை என்றார்கள். அவர் போய் நண்பனைக் குத்திக் கொன்றார். கொலையை யாரும் ஆதரிக்க முடியாது, நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் முறையிடப் போனவனிடம் "அது ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பினால் அவன் நெஞ்சில் என்ன மிஞ்சும் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பீனிக்ஸ் அக்கா முதலில் செய்ததுதான் சரி. கேட்டுக்கொண்டார்.

டோங்காட்_கரும்பு

இங்கே ஒரு மாதமாகப் படிக்க மட்டும் செய்கிறேன். இது என் முதல் பதிவு.

நான் எடுத்தவன். வில்லாளி அண்ணாவின் வில் அல்ல, அது வேறு விளையாட்டு, வேறு ஆண்டு. எனக்கு அப்போது பதினேழு வயது. பத்துப் பேர் குழுவுக்குப் பங்கு வைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். கணக்கை ஒழுங்காக எழுதுபவன் என்று நம்பிக் கொடுத்தார்கள். ஒரு இரவு மிக உயர்ந்த கேடயம் ஒன்று விழுந்தது. அது முன்வரிசையில் நின்று எங்கள் எல்லோருக்காகவும் அடி தாங்கும் அண்ணனுக்குச் சேர வேண்டியது. அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். நான் அதை என் பையில் போட்டுக்கொண்டு வெளியேறினேன். மறுநாள் விற்றேன். 900 ராண்ட் கிடைத்தது. இணையக் கட்டணத்துக்கு அம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருந்த காலம் அது. அதைக் காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

மறுநாள் குழுவில் யாரும் திட்டவில்லை. அந்த அண்ணன் மட்டும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "உன் கணக்கை யாரோ பிடித்துக்கொண்டார்களா? கடவுச்சொல்லை மாற்று." நான் திருடியிருப்பேன் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் பதில் எழுதவில்லை. ஆறு ஆண்டு ஆகிறது.

அந்தப் பணத்தில் வாங்கிய இணைப்பில் ஆட முடியவில்லை. யாரோடு ஆடுவது? என்னோடு ஆடியவர்கள் அந்தப் பத்துப் பேர்தான்.

சாட்ஸ்வொர்த்_வில்லாளி

கரும்புத் தம்பி, உன் பதிவை நேற்று இரவு நான்கு முறை படித்தேன். முதல் முறை கோபம்தான் வந்தது, மறைக்கவில்லை. நான்காம் முறை படித்தபோது அந்த அண்ணனின் செய்தி மட்டும் மனத்தில் நின்றது. அவருக்கு இன்று எழுது. கேடயத்துக்கு ஈடு கொடுக்க முடியாது என்று தெரியும். கடவுச்சொல்லை மாற்றத் தேவையில்லை என்றாவது சொல்.

நான் அந்தக் கில்டை விட்டு வந்துவிட்டேன். தலைவருக்கு ஒரே வரி எழுதினேன்: "வலை போடும்போது நான் இருந்தேன்." அவருக்கு அது புரிந்திருக்காது. பரவாயில்லை.

மொக்கா_மலை

மொரீஷியஸிலிருந்து எழுதுகிறேன். உங்கள் சிக்கல் எங்களுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் தள்ளி இருக்கிறது. ஐரோப்பாவில் குளிர்கால இரவு ஒன்பது என்றால் டர்பனில் பத்து, இங்கே நள்ளிரவு. ரெய்டு முடிந்து கடைசியில் மொத்தமாகப் பங்கு வைக்கும் கில்டில் இருந்தேன். விடிந்தால் வேலை, இரண்டு மணிக்கு மேல் கண் தாங்காது. எழுந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருக்கும். திருட்டு என்று யாரையும் சொல்ல முடியாது, ஆனால் ஓராண்டில் எனக்கு வந்தது இரண்டு மோதிரம்.

ஆகவே கேட்கிறேன். இந்த இழையில் மட்டும் எட்டுப் பேர் இருக்கிறோம். நாமே ஒரு குழுவாக ஆடலாமே? ஜோஹன்னஸ்பர்கில் சர்வர் இருக்கும் விளையாட்டாகப் பார்த்தால் இன்னும் நல்லது. விதியை இங்கேயே எழுதிவிடுவோம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_பழையவர்

நான் வருகிறேன். என் பங்குக்கு ஒரு விதி: யார் யாருக்கு எந்தப் பொருள் தேவை என்று உள்ளே நுழையும் முன்பே எல்லோரும் பார்க்கும் தாளில் எழுதிவிட வேண்டும். பொருள் விழுந்த பிறகு வரும் தேவை தேவையே அல்ல.

இணைப்பு அறுந்தவருக்கு என்ன செய்வது என்பதை மெரிபேங்க் ஐயா சொல்லட்டும்.

மெரிபேங்க்_கரைவலை

அரக்கன் மேல் முதல் அடி விழும்போது இருந்தவர் எல்லோரும் பங்காளிகள். இடையில் விளக்கு அணைந்தால் அவருக்காக வேறொருவர் பகடை உருட்டி, பொருளை வைத்திருந்து கொடுக்க வேண்டும். யார் உருட்டுவது என்று முன்பே பெயர் சொல்லி வைப்போம். டோங்காட் தம்பி சம்மதித்தால் எனக்காக உருட்டும் பொறுப்பை அவரிடம் கொடுக்கிறேன்.

டோங்காட்_கரும்பு

ஐயா, என்னிடமா?

மெரிபேங்க்_கரைவலை

உங்களிடம்தான். கணக்கை ஒழுங்காக எழுதுபவர் என்று நீங்களே சொன்னீர்கள்.

உம்கேனி_கரை

என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈவில் கற்றதை இங்கே கொண்டுவரமாட்டேன். முன்வரிசையில் நிற்க ஆள் வேண்டுமென்றால் நான் நிற்கிறேன்.

பீனிக்ஸ்_அக்கா

என் மகனும் வரலாமா? பன்னிரண்டு வயது. போன ஆண்டு பெரியவர்கள் குழு ஒன்றில் அவனை எல்லா வேலைக்கும் ஓடவிட்டு, பொருள் விழுந்ததும் வெளியேற்றிவிட்டார்கள். அன்று அழுதவன் அதன் பிறகு தனியாக மட்டும் ஆடுகிறான். ஒரே ஒரு சிக்கல், ஒன்பது மணிக்கு அவன் படுத்துவிட வேண்டும். சனிக்கிழமையானாலும் அப்படித்தான்.

சாட்ஸ்வொர்த்_வில்லாளி

ஆறரைக்குத் தொடங்குவோம் அக்கா. மொரீஷியஸில் அப்போது எட்டரை, மொக்கா அண்ணாவுக்கும் தூக்கம் கெடாது. கடைசி வரை காத்திருக்க வேண்டாம், ஒவ்வொரு அரக்கன் விழுந்ததும் அங்கேயே பங்கு வைப்போம். தாளில் முதல் வரியை மகனுக்காக விட்டு வைத்திருக்கிறேன். அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுங்கள்.